சஹனில் ஒரு இடம்

பாத்திரக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் நஜீமுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. நன்றாக ஓடுகிற மிக்சியையும் கழற்றிப் பார்ப்பார். என் கையை மட்டும் விட்டுவைப்பாரா?

இரண்டு வருடமாக எனக்கு உள்ளங்கை முழுக்கக் கரப்பான், தோல் வெடித்து அரிக்கும். எங்கள் விருந்துகளில் நாலு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். இது யாருக்கும் ஒட்டாது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், தட்டை மட்டும் தள்ளிவைத்துக்கொள்வார்கள். நாத்தனார் ஆஷிகாவின் நிக்காஹிலாவது சஹனில் உட்கார்ந்துவிட வேண்டுமென்று எனக்கு வெறி. அதற்காகவே வாரம் இரண்டு முறை கிளினிக்குக்குப் போய், தோலை ஆற்றும் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் கையை நீட்டினேன். வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு வந்தது. திடீரென்று ஒருநாள் இரண்டு கையும் கன்றிச் சிவந்து கொப்பளித்துவிட்டன.

"வேற என்ன தேச்சீங்க?" என்றார் டாக்டர் தமிழ்வாணி.

"நீங்க குடுத்த களிம்பும் தேங்கா எண்ணெயும்தான்."

"அப்ப வெளிச்சம் ஒத்துக்கலை. நிப்பாட்டிருவோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட வந்திருந்த நஜீம் எழுந்து நின்றார்.

"எண்ணெயில நாந்தான் கார்போகரிசித் தைலத்தைக் கலந்துட்டேன் டாக்டர். கரப்பானுக்கு நல்லதுன்னு நாட்டு மருந்துக் கடையில சொன்னாங்க. மொத என் கையில தேச்சுப் பாத்துட்டுத்தான் கலந்தேன்."

"தேச்சுட்டு வெயில்ல நின்னீங்களா?"

"இல்ல, கடைக்குள்ளதான் இருந்தேன்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தத் தைலம் ஊறிய தோல் வெயிலோ இந்த விளக்கு வெளிச்சமோ பட்டால் வெந்துபோகுமாம். புண் ஆறியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்றார். நிக்காஹோ அடுத்த ஞாயிறு.

வீடு வரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன். அத்தனையையும் வாங்கிக்கொண்டே வண்டி ஓட்டினார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

நிக்காஹ் அன்று பெண்கள் பந்தியில் சஹன் வந்ததும் நான் அடுப்படிப் பக்கம் நழுவினேன். நஜீம் எங்கிருந்தோ வந்து வழியை மறித்தார். என்னைக் கூட்டிப்போய்ப் பந்தி நடுவில் உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைங்க பந்தியில ஒனக்கு என்னடா வேல?" என்று அதட்டினார் என் மாமியார் ஜெயினம்பு.

"சனோபர்கூட சாப்பிட யாரும் வரலம்மா. அதான் நான் வந்துட்டேன்" என்று என்னைக் காட்டினார்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. மாமியார் சற்று நேரம் என் கையைப் பார்த்தார். பிறகு மகனைத் தோளில் தட்டி, "எந்திரி, இது என் இடம்" என்று சொல்லி உட்கார்ந்தார். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

மசாலா பட்டு உள்ளங்கை சுரீரென்று எரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.