சும்மா கிடந்த ட்ராலி

தன் இரும்புக் கட்டிலைத் தானே அறுத்துப்போட்ட அன்றைக்கு வீட்டில் யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மட்டும் ஷெட்டு வாசலில் வந்து நின்று, இனிமேல் எதில் படுப்பாய் என்றாள். பாயில் என்றான். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அவனை எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிட்டார்கள். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இரவெல்லாம் உறைந்த பெட்டிகளை அடுக்கி, பகலெல்லாம் தூங்கி, மனித முகமே மறந்துபோகிற நிலை வந்தபோது ஒருநாள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். வேலை போயிற்று, பெயர் போகவில்லை. அதோடு புதிதாக ஒரு பட்டமும் சேர்ந்தது: சும்மா இருக்கிறவன்.

சும்மா இருக்கிறவன் கரண்ட் பில் கட்டிவிட்டு வரலாம். வாடகைக்காரர் வீட்டுக் குழாயைப் பார்க்கலாம். மதியம் அவனுக்குப் பசிக்கக் கூடாது. காலையிலிருந்து கண் எரிய எரியத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாலும், யாராவது கேட்டால் மாமா, "அவனா, கீழ ஷெட்டுல சும்மா எதையோ தட்டிக்கிட்டு இருக்கான்" என்பார். மாமா அக்காவின் வீட்டுக்காரர். வீடும் ஷெட்டும் அவருடையவை. தெருமுனையில் டைல்ஸ் கடை வைத்திருந்தார்.

அவன் தட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய காரின் வெறும் கூடு. எஞ்சின், கண்ணாடி, சீட்டு, சக்கரம் எதுவும் கிடையாது. அடித்தகடு சல்லடையாகப் போயிருந்தது. செத்த இரும்பை வெட்டியெறிந்து, புதுத் தகட்டை அளவாக மடித்து, பற்றவைத்து, தடவினால் ஒட்டு தெரியாதபடி தேய்த்துக்கொண்டு வந்தான். அது பொழுதுபோக்கு இல்லை. நான்கு தெரு தள்ளி, கார்களுக்கு பாடி வேலையும் பெயிண்டும் செய்யும் பட்டறையில் அவன் வேலை கேட்டிருந்தான். பட்டறைக்காரர் அதிகம் பேசாதவர். வாயால் வெல்டிங் அடிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், நீ செய்ததைக் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வியாழக்கிழமை பெயிண்ட் அறை காலியாகும். அன்றைக்கு வராவிட்டால் அங்கே வேறு வண்டி ஏறிவிடும். வேலைக்கும் வேறு ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சக்கரமில்லாத கூட்டைக் கயிறு கட்டி இழுத்தால் முறுக்கிக்கொள்ளும், செய்த வேலையெல்லாம் விரிசல் விடும். அதனால்தான் ட்ராலி. இரும்புக்குக் கட்டிலைத் தவிர அவனிடம் வேறு வழியில்லை. கட்டிலின் நீளச் சட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டினான். குறுக்கே மூன்று சட்டம். கட்டிலின் கால்களைத் தலைகீழாக்கி, கூட்டின் அடியில் போல்ட் மாட்டும் துளைகளுக்கு நேராக நிறுத்தினான். பழைய இரும்புக் கடையில் ஒரு மத்தியானம் முழுக்கச் சுமை தூக்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் நான்கு சக்கரங்களை வாங்கிவந்தான். எந்தப் பக்கமும் சுழலும்; இரண்டில் பிரேக்கும் உண்டு. கூட்டை ஜாக்கி வைத்து ஏற்றி, ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். நகர்ந்தது. வேலையை விட்டபிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடித்தகட்டில் இன்னும் கொஞ்சம் பற்றவைக்க வேண்டியிருந்ததால் கூட்டை மறுபடி மரக்கட்டைமேல் இறக்கி, ட்ராலியை உருவி ஓரமாக நிறுத்தினான். வினை அங்கே ஆரம்பித்தது.

முதலில் அக்கா ஃப்ரிட்ஜை நகர்த்த எடுத்துப்போனாள். சரி, அக்கா. பிறகு மாமா இரண்டு பெட்டி டைல்ஸ் ஏற்றினார், பிறகு நான்கு. மாடியில் வாடகைக்கு இருந்த வக்கீல் பழைய சோபாவை ஏற்றி, அதை யாருக்கோ கொடுக்கப் போன இடத்தில் ட்ராலியையும் ஒருநாள் விட்டுவிட்டு வந்தார். கேட்கப் போனால் சட்டம் பேசினார். "தம்பி, ஷெட்டு உங்க மாமாவோடது. உள்ள இருக்கிற பொருளுக்கு அனுமதி தரவேண்டியவர் அவர். தந்துட்டார். இதுல நீ வெறும் சாட்சிதான்."

ஆந்தை ஒரு சங்கிலி வாங்கி ட்ராலியைத் தூணோடு சேர்த்துப் பூட்டினான். அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்குள்ளேயே பூட்டா, இங்கே யார் திருடன் என்று கேட்டாள். இவன் சாப்பிடும்போது தட்டை நகர்த்தி வைத்த சத்தத்திலேயே மிச்சத்தைச் சொல்லிவிட்டாள். மறுநாள் பூட்டைக் கழற்றினான். மாமாவின் பைக்கை இவன் கேட்காமல் தொட்டதுண்டா? மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்ததுண்டா? அதெல்லாம் பொருள். இவன் செய்தது மட்டும் தானாக முளைத்தது, போகிறவர் வருகிறவர் பறித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை போல்ட் வாங்கிக்கொண்டு திரும்பியபோது ட்ராலி இல்லை. நேரே கடைக்குப் போனான். வாசலில் இடுப்புயரத்துக்கு டைல்ஸ் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றது. ஒரு கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஒரு சக்கரத்தின் பிரேக் முறிந்து தொங்கியது.

"சும்மாதானே மாப்ள கிடந்துச்சு, எடுத்தேன்" என்றார் மாமா. "அதுக்கு ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்கே?"

"நாளைக்குக் காலைல வண்டி போகணும்னு சொல்லியிருந்தேன்ல மாமா?"

"நாளைக்குத்தானே? இன்னைக்கு என்ன?" சக்கரத்தைக் காலால் தட்டினார். "சரக்கே சரியில்ல. கொஞ்சம் நல்லதாப் பார்த்துப் போட்டிருக்கலாம். நாலு பேர் புழங்குற பொருள்."

நாலு பேர் புழங்குற பொருள்.

"அது என் கட்டில் மாமா."

"கட்டில்ல டைல்ஸ் ஏத்தினா வளையாம என்ன செய்யும்?"

கடையில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மாமாவும் சிரித்தார். ஆந்தை பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, வாசலை அடைத்துக் குறுக்கே அடுக்கினான். ஒன்றையாவது கீழே போட்டு உடைக்க வேண்டும் என்று கை துடித்தது. உடைக்கவில்லை, உடைத்தால் அடுத்த வேளைச் சோற்றில் அது வந்து நிற்கும். சிரித்த இரண்டு பேரும் காலைத் தூக்கித் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் அவனால் முடிந்த பழி.

ட்ராலியை ஷெட்டுக்குத் தள்ளிவந்து, வளைந்த காலை நிமிர்த்தி, உள்பக்கம் ஒரு துண்டு வைத்து ஒட்டினான். ஜாக்கியைப் போட்டுக் கூட்டை ட்ராலியின்மேல் இறக்கினான். போல்ட்டை முடுக்கப் போகும் நேரத்தில் வக்கீல் எட்டிப்பார்த்தார். காலையில் பீரோ ஒன்று வருகிறதாம். பத்தே நிமிஷம்.

"வண்டி ஏறியிருக்கு சார்."

"நாலு போல்ட்தானே தம்பி? என்கிட்ட ஸ்பானர் இருக்கு."

அவர் போனபிறகு ஆந்தை கையிலிருந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். போல்ட் என்றால் ஸ்பானர் இருக்கிற எவனும் கழற்றலாம். தான் காலையில் முகம் கழுவப் போகிற நேரம் போதும். எழுந்து வெல்டிங் மெஷினைப் போட்டான். அவன் செய்யப்போவது முட்டாள்தனம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு வேலை கேட்டுக் காட்டப்போகிற தகடு அது. கூட்டையும் ட்ராலியையும் சேர்த்துப் பற்றவைத்தால், அறுத்தெடுக்கும்போது தழும்பு விழும். பார்க்கிறவர் முதலில் தழும்பைத்தான் பார்ப்பார். தெரிந்தேதான் நான்கு மூலையிலும் பற்றவைத்தான். எந்தக் கொம்பனாவது இனி ட்ராலியைக் கேட்டால் காரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகட்டும்.

காலையில் கூட்டை வெளியே தள்ளி, கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான். பீரோவை ஏற்றிய வண்டி தெருவில் ஹாரன் அடித்தது. வக்கீல் ஸ்பானரோடு இறங்கிவந்து, குனிந்து பார்த்து, இன்னும் குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"என்னப்பா இது?"

"எடுத்துக்கங்க சார். சும்மாதானே நிக்குது."

வழி விட்டால்தான் பீரோ உள்ளே வரும். வக்கீல் வேறு வழியில்லாமல் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, தெரு திரும்பும்வரை பின்னாலிருந்து தள்ளினார். டைல்ஸ் கடையைத் தாண்டும்போது மாமா எழுந்து வாசலுக்கு வந்தார். ஆந்தை திரும்பிப் பார்க்கவில்லை. மீதித் தெருக்களைத் தனியாகவே, வேகத்தடை வந்தால் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

பட்டறைக்காரர் கூட்டைச் சுற்றி வந்தார். கதவுச் சட்டத்தைத் தடவினார். விளக்கை எடுத்துக்கொண்டு மல்லாந்து அடியில் நுழைந்தார். அடியிலிருந்தே கேட்டார்.

"இது என்ன?"

"பூட்டுண்ணே."

"யாருக்கு?"

"வீட்ல உள்ளவங்களுக்கு."

வெளியே வந்து கிரைண்டரை நீட்டினார். நான்கு மூலையையும் அறுத்து, தழும்பைத் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "மத்த இடமெல்லாம் பொறுமையா செஞ்சிருக்கே. இங்க மட்டும் கோவம் தெரியுது" என்றார். இருவருமாகக் கூட்டை ஸ்டாண்டுமேல் ஏற்றினார்கள். ட்ராலி காலியாக நின்றது. பட்டறைக்காரர் அதை ஒரு விரலால் தள்ளினார். நகர்ந்தது. அவர் கண்ணில் வந்த பார்வையை ஆந்தை ஏற்கெனவே மூன்று பேர் கண்ணில் பார்த்திருந்தான்.

"நல்லா இருக்கே. இத இங்கயே விட்டுட்டுப் போ. உன் வீட்ல சும்மாதானே கிடக்கும்?"

ஆந்தை கிரைண்டரைக் கீழே வைத்தான்.

"அது தனியா வராதுண்ணே. வேணும்னா என்னையும் சேர்த்துத்தான் வச்சுக்கணும்."

அவர் தழும்பை ஒருமுறை பார்த்தார், இவனை ஒருமுறை பார்த்தார். "திங்கக்கிழமை வந்துரு" என்று சொல்லிவிட்டு பெயிண்ட் கலக்கப் போனார். ட்ராலியை யாரும் தொடமாட்டார்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆந்தை அதைக் கேட்டுக்கொண்டே குனிந்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி, கொண்டுவந்திருந்த துணிப்பைக்குள் திணித்தான்.

வீட்டுக்கு வந்தபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பை புடைத்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, என்ன மாப்ள அது என்றார்.

"சக்கரம்."

"அத எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையிறே?"

"சும்மாதான்" என்றான் ஆந்தை.