திங்கட்கிழமைகளில் நின்ற வண்டி

2019 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, என் தங்கையின் பள்ளி வேன் வழியில் எங்கும் நிற்காமல், எந்தக் குறையும் காட்டாமல், வண்டி எலக்ட்ரீசியனின் பட்டறை வாசலை வந்தடைந்தது. எங்கள் துன்பமே அதுதான். பழுதான அந்த வண்டி, பழுது பார்ப்பவர் முன்னிலையில் ஒரு நாளும் பழுதானதில்லை.

ஜூலை முதல் தேதியிலிருந்து இப்படி. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் இருமும், முகப்புப் பலகையில் விளக்குகளெல்லாம் ஒருங்கே எரியும், வண்டி நின்றுவிடும். பத்து இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினோம். முதலாமவர் எரிபொருள் பம்பை மாற்றினார். இரண்டாமவர் ஒரு சென்சாரை மாற்றினார். மூன்றாமவர் எதையும் மாற்றாமல், "வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுறவங்களுக்கு கிளச்ச மிதிக்கத் தெரியல" என்று என் தங்கையின் முகத்துக்கு நேரே சொன்னார். நாற்பத்தாறு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். கணவர் இறந்தபின் மூலையில் உட்காரப்போகிறாள் என்று உறவினர் எல்லோரும் முடிவு செய்திருந்த ஆண்டில், இந்த வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பன்னிரண்டு வீட்டு வாசல்களில் பன்னிரண்டு குழந்தைகள் காலையில் அவளுக்காகக் காத்து நிற்கிறார்கள். அந்த வாசல்கள் போய்விட்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை, கேட்கத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை வண்டி நின்றால், செவ்வாய் முதல் பிள்ளைகள் வேறு வண்டியில் போவார்கள்.

நான் நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆவணக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டி நின்ற முதல் நாளே ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டுக் குறிக்கத் தொடங்கிவிட்டேன்: நாள், கிழமை, நேரம், இடம், வண்டியிலிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை, மீண்டும் கிளம்ப ஆன நிமிடங்கள். மூன்று மெக்கானிக்குகளிடமும் அதை நீட்டினேன். ஒருவரும் பிரிக்கவில்லை. இரண்டாமவர் அதன்மேல் டீ கிளாசை வைத்தார்; அட்டையில் அந்த வட்டம் இன்றும் இருக்கிறது.

இந்தப் பட்டறை ஒரு டயர் கடைக்கும் ஒரு அச்சகத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த தகரக் கொட்டகை. ஆனால் சுவரில் வயர்ச் சுருள்கள் நிறம் நிறமாக, தடிமன் வாரியாக ஆணிகளில் தொங்கின. பார்த்ததும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. எலக்ட்ரீசியனுக்கு நாற்பது வயது இருக்கலாம். மின்னழுத்தம் அளக்கும் மீட்டரை ஸ்டெதாஸ்கோப்புபோல் கழுத்தில் மாட்டியிருந்ததால், தெருவே அவரை டாக்டர் என்று அழைத்தது.

டாக்டர் ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகினார். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் தன் நினைவில் பதிந்துவைத்த குறைகளை அந்தக் கருவி வாசித்துச் சொல்லும்.

"ஏழு கோளாறு சொல்லுதும்மா. என்ஜின் சூடு மைனஸ் நாப்பதாம். நீங்க என்ன, பனிமலையிலயா பிள்ளைங்கள ஏத்துறீங்க?"

"பிள்ளைங்க ஏறினா பனிமலையும் உருகிடும்" என்றாள் தங்கை.

அவர் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அளந்தார். கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரம் சரியாக இருந்தது. சென்சார்கள் சரியாக இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா கோர்ட்டுல இருந்தவங்களாமே. ஏழு சாட்சியும் ஒரே நேரத்துல பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்ப, கேட்டு எழுதுறவன்தான் தப்பா எழுதுறான். கம்ப்யூட்டர் மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா அது பல்பு இல்ல, சும்மா கழட்டி மாட்டிப் பாக்க. என் கண்ணு முன்னால ஒரு தடவ நிக்கணும். எப்பெப்ப நின்னுச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

நோட்டை நீட்டினேன். அவர் முதலில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அப்போதே அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. விரலை வரிசையாக ஓட்டி வாய்விட்டுப் படித்தார். "திங்க. திங்க. செவ்வா. திங்க. செவ்வா. திங்க..." நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழம ஒண்ணுகூட இல்லியேம்மா. நீங்க மெக்கானிக்குகிட்ட எல்லாம் என்னிக்குக் கொண்டு போனீங்க?"

"சனிக்கிழமதான். அன்னிக்குத்தானே பள்ளிக்கூடம் லீவு" என்றாள் தங்கை.

பதினான்கு வரிகளை என் கையாலேயே எழுதியிருந்தேன். ஒரு முறைகூட மேலிருந்து கீழே படித்ததில்லை. பதிவு செய்வது என் வேலை, படித்துப் பார்ப்பது நீதிபதியின் வேலை என்றே பழகிவிட்டேன்.

"ஆகஸ்ட் பன்னெண்டுலேருந்து ஒரு வாரம் காலியா இருக்கே. வண்டி ஓடலயா?"

"ஓடுச்சே. நல்லா ஓடுச்சு. அக்காதான் அதுக்கு முந்தின சனிக்கிழமயிலேருந்து காய்ச்சல்ல படுத்திருந்தா."

"அவங்க படுத்தா வண்டி எதுக்கு எழுந்து ஓடுது?"

தங்கை மெல்ல என்னைப் பார்த்தாள். நான் வயர்ச் சுருள்களைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழம அக்கா வண்டியக் கழுவுவா" என்றாள்.

"வெளியவா?"

"உள்ள. ஜூன் கடைசியில ஒரு குழந்த வாந்தி எடுத்துச்சு. அதுலேருந்து வாராவாரம் அஞ்சு வாளி. சீட்டுக்கடியில எல்லாம் பிரஷ் போட்டு. அக்கா கழுவின வண்டியில ஆப்பரேஷனே பண்ணலாம், டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர் மிகவும் பாடுபட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். குழாயடியில் கிடந்த வாளியை எடுத்து வந்து, வணக்கம் சொல்வதுபோல் இரு கைகளாலும் என்னிடம் கொடுத்தார்.

"எப்பவும் போலக் கழுவுங்கம்மா. எனக்காகக் கொறச்சுக்காதீங்க."

நான் முந்தானையை இடுப்பில் செருகினேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்கேனரில் எண்கள் அமைதியாக இருந்தன. பின்வரிசையில் தொடங்கி, இருக்கைக் கால்களைச் சுற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை முன்னால் தள்ளி, முன் கதவு வழியாக வெளியேற்றினேன். அதுதான் முறை. டயர் கடைக்காரர்கள் இருவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "நம்ம கடையையும் ஒரு நாள் இந்தம்மா கையில விட்டுடணும்டா" என்றார் ஒருவர். மூன்றாம் வாளி முன்வரிசையைத் தாண்டும்போது ஸ்கேனரின் எண்கள் துள்ளின. மைனஸ் நாற்பது. என்ஜின் இருமிற்று, இன்னொரு முறை இருமிற்று, நின்றது.

என் தங்கை கை தட்டினாள். தன் பிழைப்பே நின்றுபோன இடத்தில் நின்று, குழந்தைபோல் கை தட்டினாள். "நின்னுடுச்சு, பாத்தீங்களா, நின்னுடுச்சு" என்று டயர் கடைக்காரர்களிடமெல்லாம் போய்ச் சொன்னாள். "நான் கிளச்சத் தொடக்கூட இல்ல. எறங்கித்தான் நின்னேன். நீங்கதான் சாட்சி." அவள் கண்களில் நீர் வழிந்தது. இத்தனை நாளாக அவள் நெஞ்சிலே கிடந்தது வண்டியின் குறையன்று, அந்த மூன்றாவது மெக்கானிக்கின் வாக்கியம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றி, அடியிலிருந்த விரிப்பை டாக்டர் தூக்கினார். தட்டையான ஓர் அலுமினியப் பெட்டி, நான் அனுப்பிவைத்த தண்ணீரில் அமர்ந்திருந்தது. அதன் ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. உள்ளே, மின்பலகையின் கால் பாகத்தில் பாசிபோல் பச்சை பூத்திருந்தது. ஞாயிறு நனைந்து, திங்களும் செவ்வாயும் பிதற்றி, வெள்ளிக்குள் உலர்ந்து, சனிக்கிழமை தெளிந்த புத்தியோடு மெக்கானிக் முன் நின்றிருக்கிறது அது.

"துடைச்சுத் துடைச்சே மூளைய அழிச்சுட்டியே அக்கா" என்றாள் தங்கை. நான் மறுக்கவில்லை. ஆவணம் என் கையெழுத்தில் இருந்தது.

டாக்டர் நான்கு இடங்களுக்கு ஃபோன் செய்தார். உடைப்புக்குப் போன ஒரு வேனிலிருந்து, அதே எண் பொறித்த கம்ப்யூட்டர் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது. மாட்டினார். சாவியைத் திருகினால் என்ஜின் சுழன்றதே தவிரப் பற்றவில்லை. முகப்பில் சாவி வடிவிலான சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"புது மூளைக்கு உங்க சாவி யாருன்னு தெரியல, திருடன்னு நெனைக்குது. பழசோட நினைவ எடுத்து இதுல ஏத்தணும். அதுக்குப் பழசு பத்து நிமிஷம் உசுரோட இருக்கணும். இப்ப தொப்பலா நனஞ்சு கெடக்கு."

"எழுந்திருக்கலன்னா?" என்றாள் தங்கை.

"கம்பெனியிலேருந்து புதுசு வரணும். மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம் என்றால் பன்னிரண்டு வாசல்களும் போய்விடும். பிறகு தங்கை ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், தன் ஹேர் டிரையரோடு திரும்பினாள். அதை அவள் வாங்கிய அன்று, தலை உலர்த்த வெயில் போதாதா என்று நான் கேட்டிருந்தேன். பச்சை பூத்த இடத்தை டாக்டர் ஸ்பிரிட் தொட்ட பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுக்க, அவள் குளிப்பாட்டிய பிள்ளையின் தலையை உலர்த்துவதுபோல் இடக்கையில் ஏந்தி, வலக்கையால் காற்றை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். நாற்பது நிமிடம். என்னிடம் கொடு என்றேன். "நீ தள்ளியே நில்லு, தாயே" என்றாள்.

பழைய பெட்டியோடு இணைத்த லேப்டாப் திரையில் நகலெடுப்பின் சதவீதம் ஏறத் தொடங்கியது. அறுபத்தொன்றில் நின்றது. டாக்டர் இணைப்பை அழுத்திப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கினார். அறுபத்தொன்று, எழுபது, தொண்ணூறு. கடைசி எண் வந்தபோது டயர் கடையில்கூடச் சத்தம் இல்லை. ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு வண்டி கிளம்பியது. "சுகப்பிரசவம்" என்றார் டாக்டர். தங்கை ஓட்டுநர் இருக்கையில் ஏறி, தெருவை மூன்று முறை சுற்றி வந்தாள்; ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது ஹாரன் அடித்தாள்.

இறுதியாக முடிவு செய்யப்பட்டவை வருமாறு. புதிய கம்ப்யூட்டர் இருக்கைக்கு அடியில் அல்லாமல், முகப்புப் பலகைக்குப் பின்னால், தண்ணீர் எட்டாத உயரத்தில் பொருத்தப்பட்டது. வண்டியின் கதவைத் தாண்டி இனி ஒரு துளித் தண்ணீரும் உள்ளே போகலாகாது. பெற்றோர் குழுவில் நானே எழுதினேன்: பழுதுக்குக் காரணம் ஓட்டுநர் அல்லர், அவருடைய அக்கா. பதிலாகச் சிரிக்கும் முகங்கள் ஒன்பது வந்தன. மூவர் பதில் எழுதவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் பன்னிரண்டு குழந்தைகளும் ஏறினார்கள். வண்டி எங்கும் நிற்கவில்லை. நோட்டில் அந்த நாளுக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் இட்டேன்.

அன்று மதியம் நல்ல மழை பெய்திருந்தது. மாலையில் வண்டியின் கதவைத் திறந்தேன். தரை நெடுகச் சேற்றுக் காலடிகள். பின்வரிசையில் நொறுங்கிய பிஸ்கட். ஓர் ஒற்றைக் காலுறை. உலர்ந்த துடைப்பத்தோடு படியில் ஒரு கால் வைத்து நின்றேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு காயட்டும், பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.