குறட்டை நின்ற நேரம்

என் வீட்டுக்காரருக்கு பேக்கரி அடுப்படியில் ராத்திரி வேலை, தூக்கமெல்லாம் பகலில். அவர் விடும் குறட்டை அடுத்த தெருவரை கேட்கும். குறட்டை ஓடும்வரை நானும் மகளும் டிவி பார்ப்போம், சண்டை போடுவோம். நின்றதோ, வீடே கப்சிப். "அப்பா இப்பதான் அசந்து தூங்குறாரு" என்று மிக்சியைக்கூடத் தொடமாட்டோம்.

சிகரெட்டாலும் அடுப்புப் புகையாலும் நுரையீரல் கெட்டுப் பல வருஷம். பட்ட காலிலே படும் என்பதுபோல இதயமும் சேர்ந்துகொண்டது, கால் இரண்டும் வீங்கின. நுரையீரல் டாக்டர் சிகரெட்டைத் திட்டினார், இதய டாக்டர் உப்பைத் திட்டினார். இரண்டையும் விட்டும் கால் வீக்கம் வடியவில்லை. இந்த முறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இவரை இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

மத்தியானம் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்போடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று நின்றது. அந்நேரம் பார்த்து வார்டு டாக்டரம்மா உள்ளே வந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"மெதுவா வாங்கம்மா. இப்பதான் நிம்மதியா தூங்குறாரு."

டாக்டரம்மாவின் கண் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் திரையில் இருந்தது. "எண்பத்தஞ்சு... எண்பது... எழுபத்திரண்டு... அம்மா, இவரு மூச்சே விடல!"

அவரை உலுக்கப் பாய்ந்தேன். அதற்குள் அவரே திணறிக்கொண்டு மூச்சை இழுத்தார். எண் ஏறியது, குறட்டையும் தொடங்கியது.

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"தினமும்தான். நாங்கதான் சத்தம் போடாம பாத்துக்குவோம்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறை. "பிடிச்சாச்சும்மா! தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குது. ஏற்கெனவே நொந்த நுரையீரல், அதுல மூச்சும் நின்னா ஆக்ஸிஜன் சரசரன்னு இறங்குது. பாவம், இதயம் மாங்கு மாங்குன்னு உழைக்குது. இத்தனை நாளா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டிருந்தோம்!"

தூக்கப் பரிசோதனையும் அதையே சொன்னது. காற்றை அழுத்தித் தரும் மெஷினும் முகமூடியுமாக வீடு திரும்பினோம். நுரையீரல் புதுசாகிவிடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் சில வாரத்தில் வீக்கம் வடிந்து பழைய செருப்பு அவர் காலில் நுழைந்தது! நான் போட்ட கூச்சலில் மகள் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள்.

இப்போது குறட்டை இல்லை. அதுதான் எனக்குத் தொல்லை. வீடு அமைதியானால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். இன்றும் வைத்தேன்.

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இருக்கேன்டி. போய் மிக்சியப் போடு."