நோட்டில் ஏறாத இரண்டு சொம்பு

சிலம்பரசனுக்கு வேறொருவருடைய குடலைப் பொருத்தி ஐந்து மாதம் ஆகிறது. வயிற்றின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் பையில்தான் கழிவு விழும். வாய்வழி போவது எவ்வளவு, பையில் இறங்குவது எவ்வளவு என்று மனைவி தாமரைச்செல்வி ஒரு நோட்டில் எழுதி வந்தாள். குழைந்த சோறு, தோல் சீவி வேகவைத்த காய், வெறும் தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசல், அதுவும் மடக்கு மடக்காக. புளித்ததும் பச்சைக் காயும் வெளியில் வாங்கியதும் கூடவே கூடாது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இந்த வாரம் நரம்பு வழியே சத்து ஏற்றும் குழாயை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றினார்கள். சும்மா பார்க்கத்தான் போனான். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கூழ் ஊற்றிய வீராயி அக்கா சொம்பை நீட்ட, வேண்டாம் என்றான்.

“ஆத்தா கூழயே வாணாங்குற. அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா தம்பி?”

சுற்றிலும் சிரித்தார்கள். சட்டைக்குள் பை வெதுவெதுப்பாகக் கிடந்தது. அதை அங்கே எப்படிச் சொல்வது? வாங்கிக் குடித்தான். ருசியாக இருந்தது, அதுதான் கேவலம். இரண்டாவது சொம்பை அவனே கேட்டு வாங்கினான், பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு.

அடுத்த இரண்டு நாளும் பை நிரம்பிக்கொண்டே இருந்தது. தாமரைச்செல்வி வேலைக்குப் போனபின் அவன்தான் அளந்து வைக்க வேண்டும். அளவுக் குவளையைத் தொடாமலே கக்கூஸில் கொட்டினான். சாயங்காலம் அவள் கேட்டபோது வழக்கமான எண்ணைச் சொன்னான். அவளும் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் சுடர்விழி நோட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. நோட்டின்படி அப்படி ஆக வழியே இல்லை. உடம்பு புதுக் குடலைத் தள்ளுகிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுவதாகவும், அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டப்போவதாகவும் சொன்னாள். பிறகு தாமரைச்செல்வியிடம் எப்படி அளக்கிறாள் என்று செய்துகாட்டச் சொன்னாள்.

அவள் எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல, குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

“எம்மேலதான் தப்பு இருக்கும் மேடம். அவரு சரியாத்தான் சொல்லுவாரு.”

சிலம்பரசன் தரையைப் பார்த்தான். வாயைத் திறக்காவிட்டால் பழி இவளோடு போய்விடும். அந்த நினைப்பு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. இருந்தது என்று தெரிந்ததும் உடம்பு கூசிப்போயிற்று.

“கூழ் குடிச்சேன்” என்றான். “ஞாயித்துக்கெழம. ரெண்டு சொம்பு.” வெங்காயத்தையும் சொன்னான், அளக்காமல் கொட்டியதையும் சொன்னான்.

சுடர்விழி திட்டவில்லை. டாக்டரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். இப்போதைக்கு மருந்தைக் கூட்ட வேண்டாம், முதலில் உள்ளே கேமரா விட்டுப் பார்ப்போம், கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்போம் என்றார் அவர். சத்துக் குழாயை எடுப்பது தள்ளிப்போயிற்று.

தாமரைச்செல்வி இன்னும் குவளையைப் பிடித்தபடியே நின்றாள்.

“எங்கிட்ட சொல்ல என்னாங்க வெக்கம்?” என்றாள் மெதுவாக. “தெனமும் காலையில அந்தப் பைய நாந்தான மாத்துறேன்.”