கூடாரத்துக்குப் பின்னால் சேர்ந்த பனி

பனிமேட்டில் வந்திறங்கிய மூன்றாம் நாளே பிரேபன் சாதனை படைத்துவிட்டார். பனியின் உயரத்தை ஒலியால் அளக்கும் கருவியொன்றைக் கம்பத்தில் மாட்டியிருந்தார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் ஏறியிருப்பதாக அது காட்டியது. ஓராண்டுப் பனி, மூன்றே நாளில்! காப்பி ஆறுவதற்குள் கோபன்ஹேகனுக்குச் செய்தி பறந்தது.

பிபாலுக் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிசிமியுட் ஊர்க்காரியான அவளுக்குக் கிரீன்லாந்துப் பனிமேட்டில் இது பதினோராவது கோடை. அரை கிலோமீட்டர் தள்ளி வரிசையாக நட்டிருந்த பன்னிரண்டு மூங்கில் கழிகளை அளப்பது அவள் வேலை. பிரேபனோ மாடியறையில் உட்கார்ந்து இருபது வருடம் பனியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர்.

"என் கழியில பனி ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு," என்றாள். "மைனஸ் பதினேழு, வறண்ட காத்து. பனி உருகாமலே ஆவியாப் போயிட்டிருக்கு."

"மூங்கிலை வெச்சு அளந்தா அப்படித்தான் வரும். கருவி பொய் சொல்லாது, பிபாலுக்."

"கருவியை யார் குத்தம் சொன்னா? கம்பத்தை ஒட்டிக் கிழக்கே கூடாரம் போடாதீங்க, காத்து அங்கேருந்துதான் வரும்னு முதல் நாளே சொன்னேன். நடக்கச் சோம்பேறித்தனம் உங்களுக்கு. அடிச்சுட்டு வர்ற பனியெல்லாம் கூடாரத்துக்குப் பின்னால குவியாம எங்கே போகும்?"

"காத்து குவிச்சதா, பெய்ஞ்சு படிஞ்சதான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தோண்டிக் காட்டுங்க."

வீம்புக்கு மண்வெட்டியை எடுத்தார் பிரேபன். கம்பத்தடியில் தோண்ட, முழங்கால் ஆழத்தில் சிவப்பாக ஏதோ தட்டுப்பட்டது. அவருடைய கம்பளிக் கையுறை. முந்தாநாள் அதைக் காணோமென்று அவளைத்தான் முறைத்திருந்தார்.

"ஓராண்டுப் பனிக்கு அடியில உங்க கையுறை," என்றாள் பிபாலுக். "போன வருஷமே வந்துட்டுப் போனீங்களா, டாக்டர்?"

அவர் காது கையுறையைவிடச் சிவந்தது. அதே சமயம் ரேடியோ கரகரத்தது. கீழே விமானத்தளத்திலிருந்து ஏனோக் பேசினான்: "கோபன்ஹேகன்லேருந்து பிரேபனுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாங்க. சாயங்காலம் பத்திரிகைக்குக் கொடுக்கப் போறாங்களாம்."

பிரேபன் குரலைத் தாழ்த்தினார். "கருவிக் கோளாறுன்னு சொல்லிடலாமா?"

"அது பாவம், ஒழுங்கா அளந்துச்சு. அது மேல ஏன் பழி? நீங்களே உண்மையைச் சொல்லுங்க. நான் சொன்னா இவ்வளவு மரியாதையா இருக்காது."

சொன்னார். மென்று விழுங்கித்தான் சொன்னார். மறுமுனையில் ஏனோக் சிரித்த சிரிப்பில் ரேடியோ அதிர்ந்தது.

பிறகு அவர் தனியாகவே கூடாரத்தைப் பிடுங்கினார். ஒரு முளையைப் பிடுங்கக் கால்மணி நேரம். பிபாலுக் சறுக்குவண்டியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி வேடிக்கை பார்த்தாள். உதவலாமா என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதோடு சரி.

மாலையில் அவர் எழுதிய திருத்த அறிக்கையை அவளிடம் நீட்டினார். கீழே அவள் பெயரும் இருந்தது, ஓர் எழுத்து குறைவாக.

"இதையும் திருத்துங்க," என்றாள்.