முள் எடுத்த மீன்

தொலைக்காட்சியில் தொட்டில் துரையின் அம்மா வறுத்த சங்கரா மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, என் அம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலை ஏழரை மணி. பட்டினப்பாக்கம் குடியிருப்பில் எங்கள் இரண்டாவது மாடி வீடு. அண்ணன் செபஸ்தியான் சுவரில் சாய்ந்து, மடியில் சோற்றுத் தட்டுடன் மீனுக்காகக் காத்திருந்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, துரைக்கு முப்பத்தெட்டு. துரை கூரையிலிருந்து தொங்கும் பெரிய தொட்டிலில் படுத்தபடி வாயைத் திறந்தான். அவன் அம்மா ஊட்டினாள். சிரிப்புச் சத்தம். ஒதுக்கி வைத்த முட்கள் எழுந்து நின்று, வரிசையாக நடந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போயின. மறுபடியும் சிரிப்புச் சத்தம். அண்ணனும் சிரித்தான். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தான்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். அப்படி எழுதினால் எந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்று தெரியவரும் என்று ஒரு நம்பிக்கை.

'தொட்டில் துரை' என்ற அந்த வாராந்திர நகைச்சுவைத் தொடரில் நான் உதவியாளர். மயிலாப்பூரில் மாலை வகுப்பில் சுருக்கெழுத்து படிக்கிறேன் என்பதால்தான் எடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் கதைக்குழுவினர் அம்பி சார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதையெல்லாம் நான் எழுதிக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் ஈக்காட்டுத்தாங்கலில், பழைய பட்டறை ஒன்றைச் செட்டாக மாற்றிய கொட்டகையில், ஒவ்வொரு ஷாட்டிலும் யார் கை எங்கே இருந்தது, டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். கதையை எழுதி இயக்குவது அம்பி சார். துரை என்பவன் வளர மறுத்த ஆள். அவன் பொய் சொன்னால் மீசை உதிரும். அவனுடைய இறந்துபோன அப்பா வீட்டு ஃபிரிட்ஜாக இருக்கிறார். கதவைத் திறக்கும்போதெல்லாம் திட்டுவார். இதெல்லாம் எப்படித் தோன்றுகிறது என்று சேர்ந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு தெரிந்தது, மேஜைக்கு வருகிற ஒவ்வொருவரும் வாரம் ஒரு வீட்டு விஷயம் கொண்டுவர வேண்டும். மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், யாரானாலும் சரி. "மேஜையில வச்சது மேஜைக்குதான் சொந்தம். அப்புறம் யாரும் திருப்பி எடுத்துண்டு போகப்படாது" என்பது அம்பி சாரின் விதி. ஆறு வாரம் நான் எதுவும் கொண்டுபோகவில்லை. ஏழாவது வாரம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் அண்ணனுக்கு இன்னமும் அம்மாதான் மீனில் முள் எடுத்துத் தருகிறாள், மீன்காரக் குடும்பம் சார் நாங்க, என்றேன். மேஜையே சிரித்தது. நான் சொன்ன ஒன்றுக்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா பிட்ட மீனை அண்ணன் தட்டில் வைக்கவில்லை. கையில் வைத்தபடியே இருந்தாள். விளம்பரம் போட்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் சொன்னியா?"

"சும்மா ஒரு பேச்சுக்கும்மா..."

"ஊர்ல வேற ஊடே இல்லியா உனக்கு?"

அண்ணன் எழுந்துபோய்க் கை கழுவினான். அவன் இன்னும் சாப்பிட ஆரம்பித்திருக்கவே இல்லை.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து நானும் அண்ணனும் வரும்போது, கீழ் வீட்டுத் தங்கவேல் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா தொரே, முள்ளு எட்த்தாச்சா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவள், அவள் மகன் மீனில் கை வைக்கமாட்டான் என்பது குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் இத்தனை வருடமும் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. அண்ணன், "ஆச்சு மச்சி, உனுக்கும் எட்த்து வைக்க சொல்ட்டா?" என்று சிரித்துவிட்டு மேலே ஏறினான். அவன் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. மதியம் அம்மா முள்ளில்லாத மீனைத் தட்டில் வைத்தபோது, "வோணாம்மா, ரசம் ஊத்து" என்றான். திங்கட்கிழமையும் ரசம். அம்மா மீன் சமைப்பதையே விட்டுவிட்டாள். விற்காமல் மிஞ்சிய மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டில் மீன் வாசம் இல்லாமல் இருந்ததை நான் முதன்முதலாகக் கவனித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஒரு முடிவோடு போனேன். சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களைப் பேருந்திலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மீன் காட்சியை மறுபடியும் போடக்கூடாது. என் வீட்டு விஷயம் இனி வேண்டாம். அண்ணன் சாப்பிடுவதில்லை. மன்னிக்கவும். மேஜையில் காபி வந்ததும் நான்கையும் சொன்னேன்.

அம்பி சார் டம்ளரைக் கீழே வைத்தார். "சாப்பிடறதில்லையா? ஒரு ஜோக்குக்கா? ஏம்மா, அப்படி என்ன அதுல?"

அவர் கேட்டது கேலியாக இல்லை. உண்மையான அக்கறையோடு கேட்டார். காரணம் தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் சொன்னேன். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா லாசரும் அவனும் கட்டுமரத்தில் போய்விட்டுக் காலையில் கரைக்குத் திரும்பும்போது அலை புரட்டிப் போட்டது. அண்ணன் எப்படியோ மரத்தின்மேல் ஏறிவிட்டான், கையில் துடுப்பு இருந்தது. அப்பா தண்ணீரிலிருந்து கையை நீட்டினார். துடுப்பை விட்டால் மரம் மறுபடி கவிழ்ந்துவிடும் என்று பயந்து, இரண்டு கையாலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அடையாறு முகத்துவாரத்தில் அப்பா ஒதுங்கினார். அடையாளம் காட்டப் போனது அண்ணன்தான். முகத்தில் மீன் கடித்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போனதில்லை, முழு மீனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தலையும் தோலும் முள்ளும் இல்லாமல், மீன் என்றே தெரியாதபடி அம்மா பிட்டு வைத்தால் மட்டும் சாப்பிடுவான். எனக்கு அப்போது ஏழு வயது. எனக்கே இதை அம்மா சொல்லித்தான் தெரியும்.

அம்பி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுதார், அது நடிப்பில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எஸ்தர், இத்தனை நாளா துரை ஏன் வளரலைன்னு எனக்கே தெரியாம எழுதிண்டிருந்தேன்."

"சார், இது எழுதறதுக்கு இல்ல சார்."

"கேலி பண்ண மாட்டோம்மா. இந்த வாரம் யாருமே சிரிக்கப் போறதில்ல. அவன் குளியல் தொட்டியில கடலுக்குப் போறான். அப்பா கையை நீட்டறார். நம்ம துரை துடுப்பை விட்டுட்டு அந்தக் கையைப் பிடிச்சுடறான். உங்க அண்ணாவுக்கு நாம செய்யற..." என்று வார்த்தையைத் தேடினார்.

"வேணாம் சார்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டும் என் குறிப்பில் இருக்கிறது, ஏனென்றால் என் கை பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தது. மாலைக்குள் கதைச் சுருக்கம் சேனலுக்குப் போய்விட்டது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். வேலையை விட்டிருக்கலாம். விட்டாலும் அந்தக் கதை மேஜையில்தான் இருக்கும், நான் மட்டும்தான் வெளியே இருப்பேன் என்று தோன்றியது. இது சரியான யோசனையா, பயத்துக்கு நான் கண்டுபிடித்த காரணமா, இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் நினைத்தேன். அண்ணன் ரசம் சோறு சாப்பிடும்போது எதிரில் உட்காருவேன். "இன்னா உத்து உத்து பாக்குற?" என்பான். ஒன்றுமில்லை என்பேன்.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. துரையாக நடிக்கும் அஸ்வினுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியவில்லை. கரண்டியால் குழம்பைக் கிளறுவது போல இருந்தது. அம்பி சார் யாரிடமோ என் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பதினொரு மணிக்குக் கொட்டகை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கினான், இஸ்திரி போட்ட சட்டையோடு. தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தான்.

"ஏய் எஸ்தரு, என்னிய கூப்ட்டாங்கடி! துடுப்பு சொல்லித் தரணுமாம்" என்றான். பல நாளாகப் பார்க்காத முகம். அந்த முகத்திடம் நான் என்ன சொல்ல முடியும்? "வீட்டுக்குப் போண்ணா" என்றேன். "போடி" என்று உள்ளே போய்விட்டான்.

தரை முழுக்க நீலத் துணி விரித்திருந்தார்கள். நடுவில் வெள்ளைக் குளியல் தொட்டி. இரண்டு பக்கமும் நான்கு பேர் துணியின் ஓரத்தைப் பிடித்து அலை எழுப்ப நின்றார்கள். அண்ணன் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டியில் ஏறி, அஸ்வினிடமிருந்து துடுப்பை வாங்கினான். அதன் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தான். அவன் துடுப்பைத் தொட்டுப் பதினாறு வருடம். ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து துணியில் துடுப்பைப் போட்டு இழுத்தான்.

"இன்னாபா, அல இப்டியா வரும்?" என்று துணி பிடித்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "முன்னால இருந்து வர்றது பயம் இல்ல. கரை கிட்ட, பின்னால இருந்து தூக்கும். தூக்கு பாப்போம்." அவர்கள் பின்பக்கம் போய்த் துணியைத் தூக்கினார்கள். கொட்டகைக்குள் நிஜமாகவே ஏதோ உயர்ந்து வந்தது போல இருந்தது.

அஸ்வின் ஆர்வமாகப் பக்கத்தில் வந்து நின்றான். "சூப்பர்ணா! இப்ப அந்தக் கட்டம். துடுப்புல இருந்து ஒரு கையை எடுத்து வெளிய நீட்டணும். அது எப்படிணா, எந்தக் கை?"

"கைய எதுக்கு உடணும்?"

"தண்ணில அப்பா இருக்காருல்ல. அவருக்கு."

அஸ்வினுக்கு ஒன்றும் தெரியாது. அவன் கையில் இருந்த தாளில் எழுதியிருந்ததைத்தான் சொன்னான். அம்பி சார் என்னைப் பார்த்தார். "போதும், நிறுத்துங்கோ" என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. அண்ணன் என் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று நினைத்தேன். ஒரு தகவல் கேட்பது போலத்தான் கேட்டான்.

"நைனா எந்தப் பக்கம்னு எழுதிக்கீறே?"

நான் தாளைப் பார்த்தேன். அதில் அப்பா எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாததால் அம்பி சாரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

"இந்தப் பக்கம்" என்று அண்ணன் தாடையால் இடது பக்கத்தைக் காட்டினான். துணி பிடித்திருந்தவர்களில் ஒருவர் கால் வைத்திருந்த இடம் அது. அவர் சட்டென்று விலகி நின்றார்.

மற்றவர்கள் துணியை அசைப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. மின்விசிறிச் சத்தத்தோடு நீலம் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. காலியான அந்த இடத்தைப் பார்த்தபடி, அண்ணன் துடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. என் தாளில் 'இடது கை' என்ற கட்டத்தின் மேல் பென்சில் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் இடது கையின் சுண்டுவிரல் மட்டும் துடுப்பிலிருந்து விலகி, அந்த இடத்தை நோக்கி நீண்டு, காற்றில் நின்றது.