கார்பன் நகல்

பீரோவின் கடைசி இழுப்பறையை ஜெஸ்ஸி உருவித் தரையில் கவிழ்த்தாள். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு இடம் ஒதுக்கிச் சபை கொடுத்த கடிதம் வேண்டும். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா சுந்தரராஜ், போடியின் பழைய ஏலக்காய் வியாபாரி, வெள்ளைச் சட்டையில் கிடந்தார்.

வாசலில் அண்ணன் விஜயராஜின் குரல் உயர்ந்தது.

"ஒங்களுக்கு இங்க என்ன சோலி? கடைத்தெருவுல நின்னு எங்கப்பாவக் காட்டிக் கொடுத்தவன்னு கத்துனீகள்ல? இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீக?"

ஜன்னல் வழியே பார்த்தாள். பந்தலுக்கு வெளியே, வெயிலில், சித்தப்பா பிரேம்சிங் நின்றிருந்தார். பூப்பாறையிலிருந்து முதல் ஜீப்பைப் பிடித்து இறங்கியிருக்க வேண்டும். ஐம்பது வருஷமாக இந்தப் படியை மிதிக்காதவர். எமர்ஜென்சியில், மிசா சட்டத்தில் ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்து, பிடித்துக் கொடுத்தது கூடப் பிறந்த அண்ணன்தான் என்று ஊரெல்லாம் சொன்னவர். அப்பா ஒரு வார்த்தை மறுத்ததில்லை. 'நன்றி கெட்டவன்' என்று அம்மாதான் சாகும்வரை திட்டினாள். பிள்ளைகள் அம்மாவை நம்பினார்கள்.

சபைக் கடிதம் கிடைத்தது. அதற்கடியில் நீல இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டு. எல்லாம் சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

1975 நவம்பர்: 'அண்ணனுக்கு, ஆட்சியைக் கலைக்கத்தான் போகிறார்கள் என்று மதுரையில் பேச்சு. கலைத்த மறுநாளே பட்டியலோடு வருவார்களாம். என் பெயர் இருக்கிறதா தெரியவில்லை.'

1976 ஜனவரி: 'பொங்கலுக்கு வரமாட்டேன். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்தும் அறைக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறேன். புகையில் இழுப்பு அதிகம். இந்த இடம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.'

அப்பா கிழிக்கவில்லை. அதோடு ஒரு மெல்லிய தாளைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். அனுப்புகிற கடிதத்துக்கெல்லாம் கார்பன் நகல் எடுத்துவைக்கிற மனிதர். தேதி, ஆட்சி கலைந்த மூன்றாம் நாள். 'இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கியது. கடையைப் பூட்ட வேண்டாம், மனைவி நிறைமாதம் என்று கெஞ்சிவிட்டு, ஸ்டோருக்குப் போகும் வழியை எழுதியிருந்தார். தாளின் அடியில் ஒரு வரி: 'அவனுக்கு இழுப்பு உண்டு. தயவுசெய்து அடிக்க வேண்டாம்.'

விஜயராஜ் உள்ளே வந்தான். அவள் தாளை விரித்துக் காட்டினாள். நின்றபடியே படித்தான். முகம் கறுத்தது.

"கொளுத்திரு."

"அண்ணே..."

"செத்த மனுசன அசிங்கப்படுத்தப் போறியா? கொண்டா இங்க."

"நிறைமாசம்னு எழுதியிருக்காரு. அம்மா வயித்துல இருந்தது நீதான்."

கையை ஓங்கிவிட்டான். கூடத்தில் ஜெபம் நின்று எல்லோரும் திரும்பிப் பார்க்கவே இறக்கினான். சபைக் கடிதத்தை அந்தக் கையில் திணித்துவிட்டு, கட்டோடு தெருவில் இறங்கினாள் ஜெஸ்ஸி.

"சித்தப்பா."

"ஒப்பனுக்காக அழ வரல ஆத்தா. நெசமாவே போய்ட்டானான்னு பாக்க வந்தேன்."

தாளை நீட்டினாள். தாளைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இன்ஸ்பெக்டரு எங்கிட்ட மேப்பக்கத்த மட்டுந்தான் காட்டுனான்," என்றார். "இத மடிச்சுப் பிடிச்சுக்கிட்டான்."

தெருவில் வந்த லோடு வண்டிக்கு ஒதுங்கி நின்றார்.

"அடிச்சாங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். கடிதக் கட்டைத் தொடவில்லை. "ஒங்க வீட்டுலயே கெடக்கட்டும்."

கல்லறைத் தோட்டத்துக்குப் பத்தடி தள்ளியே நடந்து வந்தார். பெட்டியை இறக்கி, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டு முடிந்தபோது முன்னால் வந்தார். விஜயராஜ் குறுக்கே நின்றான்.

"வழி விடுண்ணே," என்றாள் ஜெஸ்ஸி.

அவன் அவளைப் பார்த்த பார்வையில் இனிமேல் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை என்பது இருந்தது. ஆனாலும் நகர்ந்தான்.

பிரேம்சிங் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு குழியின் விளிம்பில் நின்றார். மூச்சு இழுத்தது. மூடிய கை திறக்கவேயில்லை. பிறகு குனிந்து, மண்ணை அள்ளின இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தார்.

குவியலில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. குழி வெட்டியவர் மண்வெட்டியோடு வந்தார். அந்த இடத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்திலிருந்து தள்ளத் தொடங்கினார்.